பதினாலு சட்டிச் சீர்

சிலமலையில் மொக்கச்சாமியிடம் அடி வாங்கியவர்களை எண்ணுவதைவிட வாங்காதவர்களை எண்ணுவது சுலபம். அவனுக்குக் கைதான் முந்தும். வாய் பின்னால்தான் வரும்.

அந்தக் கை அப்பன் கொடுத்தது. அப்பன் மாட்டை ஓட்டுகிற சாட்டையாலேயே மகனையும் ஓட்டினார். பதினாறு வயதில் ஒரு நாள், உழுதுகொண்டிருக்கும்போதே, மொக்கச்சாமி அந்தச் சாட்டைக் கம்பைப் பிடுங்கி முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்துப் போட்டான். அதற்குப் பிறகு அப்பன் அவனைத் தொடவில்லை. அவன்தான் ஊரைத் தொட ஆரம்பித்தான்.

போடிக்குப் போய் ஜீப்பு ஓட்டினான். விடிய முன்னே ஏலக்காட்டு ஆட்களைப் புளிமூட்டையாக அடைத்துக்கொண்டு போடிமெட்டுக்கு ஏறுவான். பொழுது சாய இறக்கிக்கொண்டு வருவான். ஒரு நாள் இன்னொரு டிரைவர் முறை தப்பி அவனுடைய லோடை ஏற்றிவிட்டான். மொக்கச்சாமி, எஞ்சினைக் கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணுகிற இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு போய் அவன் தாடையில் ஒரு போடு போட்டான். தாடை கழன்று தொங்கியது. போலீஸ்காரர்கள் மொக்கச்சாமியின் உள்ளங்காலை லத்தியால் பழுக்க வைத்தார்கள். நாற்பது நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தபோது போடியில் அவனை நம்பி ஸ்டியரிங்கைக் கொடுக்க ஒருத்தனும் இல்லை.

கல்யாணமான முதல் வருஷம் பொண்டாட்டி அய்யம்மாளையும் ஒரு நாள் அறைந்து பார்த்தான். அவள் குரங்கணிக்காரி. மலைச்சுமை சுமந்த உடம்பு. உலக்கையைத் திருப்பிப் பூண் பக்கமாக ஒன்று வைத்தாள். மூன்று நாள் கஞ்சியைத் தவிர வேறெதுவும் அவன் வாயில் இறங்கவில்லை. அந்தக் கணக்கு அத்தோடு தீர்ந்தது. பிறகு அவளிடம் கை நீண்டதே இல்லை.

எழுபத்தேழில் உழவு மாடுகளை விற்று, கிணற்றடித் தோட்டத்தில் பாதியையும் விற்று, ஒரு சின்ன டிராக்டர் வாங்கினான். கைமாறி வந்த சிவப்பு வண்டி. இருபது குதிரைச் சக்தி. பெரிய டிராக்டர் பக்கத்தில் நிறுத்தினால் அதன் மடியில் பால் குடிக்க வந்தது போல இருக்கும். அதனால் ஊர் அதற்குக் கன்னுக்குட்டி என்று பேர் வைத்தது. முகத்துக்கு நேரே அப்படிச் சொன்ன ஒருவனுக்கு உதடு கிழிந்தது. மற்றவர்கள் அவன் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவன் கை ஓங்காத ஒரே பொருள் அந்த வண்டிதான். மக்கர் பண்ணினால் உதைக்க மாட்டான், திட்ட மாட்டான். அய்யம்மாளின் பழைய சேலையைக் கிழித்து அதன் மூஞ்சியைத் துடைப்பான். ஐந்து கொழுக் கலப்பையை மாட்டிக்கொண்டு அது செவக்காட்டில் டுபுடுபுவென்று போகும்போது மொக்கச்சாமியின் முகத்தில் ஒரு அமைதி தெரியும். அந்த நேரம் பார்த்துத்தான் ஊர்க்காரர்கள் அவனிடம் ஏதாவது கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

எழுபத்தொன்பது வைகாசியில் மகள் குருவம்மாளுக்குக் காது குத்து. தாய்மாமன் பெரியகருப்பன், அய்யம்மாளின் அண்ணன். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருப்பவன். அந்த வருஷம் காய் நன்றாக விழுந்திருந்தது. தாய்மாமன் சீர் என்றால் தட்டு, துணிமணி, பித்தளைப் பாத்திரம், ஒரு கிடாய், இவ்வளவுதான் வழக்கம். பெரியகருப்பன் கொட்டு முழக்கத்தோடு ஒரு லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினான். லாரியில் மாலை போட்டு, சந்தனம் பூசி, ஒரு சட்டிக்கலப்பை நின்றது.

இரும்புச் சட்டத்துக்கு அடியில் முன்வரிசையில் ஏழு, பின்வரிசையில் ஏழு என்று பதினாலு இரும்பு வட்டு. ஒவ்வொன்றும் சோற்றுச் சட்டி போலக் குழிந்து, விளிம்பு அரிவாளாகத் தீட்டப்பட்டிருந்தது. உழுத காட்டில் கட்டியை நறுக்கி மண்ணைப் பொடியாக்குகிற சாமான் அது. இறக்குவதற்கு எட்டுப் பேர் கை கொடுத்தார்கள். அதில் ஒருவனுக்குக் கால் பெருவிரல் நசுங்கி நகம் பெயர்ந்தது.

"மாப்ளே!" பெரியகருப்பன் துண்டை உதறித் தோளில் போட்டான். "அண்டாவும் குண்டாவும் எவனும் கொண்டாருவான். இந்தப் பெரியகருப்பன் சீரு மண்ண வெட்டும். மாட்டு ஒன் வண்டியில!"

விசில் பறந்தது. அய்யம்மாளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஊர்ப் பொம்பளைகள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

மொக்கச்சாமி கலப்பையைப் பார்த்தான். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இது ஐம்பது குதிரை வண்டிக்குச் செய்த சாமான். அவனுடைய வண்டியின் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். கடையில் வாங்கும்போது வண்டி என்ன வண்டி என்று பெரியகருப்பன் சொல்லியிருக்க மாட்டான்; இருக்கிறதிலேயே பெருசைக் கொடு என்றுதான் கேட்டிருப்பான். ஆனால் வந்த சீரை வேண்டாம் என்பது கொண்டுவந்தவன் மூஞ்சியில் துப்புவதற்குச் சமம். அதுவும் ஊர் கூடிய பந்தலில்.

"இழுக்கும் மச்சான்" என்றான் மொக்கச்சாமி.

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவன் வாய் முந்தியது. வினை அங்கேதான் பிடித்தது.

மாட்டப் போனால் முதல் தகராறு. வண்டிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கைகளிலும் ஓட்டை உண்டு. கலப்பையின் ஊசி அந்த ஓட்டையில் நுழைய வேண்டும். நுழையவில்லை. ஊசி ஒரு விரல் என்றால் ஓட்டை முக்கால் விரல். இரண்டு ஊசியையும் கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டு பஸ்சு ஏறிப் போடிக்கு ராஜாராமின் லேத்துப் பட்டறைக்குப் போனான்.

ராஜாராம் ஊசியைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தான். "வண்டி எத்தன குதிரைண்ணே?"

"இருவது."

"சட்டி?"

"பதினாலு."

ராஜாராம் சிரித்தான். "எலி வால்ல அம்மியக் கட்டப் போறியா? ஊசி உள்ள நுழையலன்னாலே அது இந்த வண்டிக்குச் சேத்தி இல்லைன்னு அர்த்தம்ணே. இத மெலிசாக் கடஞ்சு குடுக்குறது ரெண்டு நிமிச சோலி. ஆனா தூக்குறது யாரு? வண்டி மூக்கு மேல போயிரும்."

"வேற என்ன செய்ய?"

"பத்துச் சட்டிக்கு மேல ஆகாது. ரெண்டு வரிசையிலயும் ஓரத்துல ரெண்டு ரெண்டு சட்டியக் கழட்டிரு. அந்த எடத்துல குழாய்த் துண்டச் செருகி நட்ட முறுக்கு. வரிசையோட சாய்வையும் கொஞ்சம் கொறச்சுக்க. வண்டி மூக்குல ரெண்டு இரும்புக் கட்டி கட்டு. கன்னுக்குட்டி ஜம்முனு—"

அவன் முடிக்கவில்லை. மொக்கச்சாமி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து லேத்தோடு சேர்த்து அமுக்கினான். ஓடுகிற எந்திரத்திலிருந்து சூடான இரும்புச் சுருள் பறந்து ராஜாராமின் காதில் விழுந்து பொசுக்கியது.

"எம் மகளுக்கு வந்த சீர அறுக்கச் சொல்றியாடா?"

"விடுண்ணே, விடுண்ணே! கடஞ்சு தர்றேன். செத்தா என்னையச் சொல்லாத."

கடைந்து கொடுத்தான். காதைப் பிடித்துக்கொண்டே கடைந்தான்.

மறுநாள் கிணற்றடிச் சமவெளியில் மாட்டி, லிப்டுக் கம்பியை இழுத்தான். வண்டி முக்கியது. கலப்பை தரையை விட்டுச் சாண் உயரம் எழும்பியது. அதே நேரம் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின. ஸ்டியரிங் காற்றில் சுற்றியது. இறக்கி மண்ணில் விட்டு நகர்த்தினால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே குழி பறித்தது. கரும்புகை கக்கி வண்டி நின்றுபோனது. மொக்கச்சாமி இறங்கி அதன் நெற்றியில் கையை வைத்தான். கொதித்தது. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டவன் போலக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.

ராஜாராம் சொன்னதுதான் சரி. நாலு சட்டியைக் கழற்ற வேண்டும்.

அதை அய்யம்மாளிடம் மட்டும்தான் சொன்னான். கிணற்றில் தண்ணீர் எடுக்க வந்தவள் ஒருத்தி காதில் விழுந்தது. ஜீப்பு ஏறி அது குரங்கணிக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் காலையில் பெரியகருப்பன் வாசலில் வந்து நின்றான்.

"என்ன மாப்ளே, சீரக் குறைக்கப் போறீகளாம்?"

"வண்டி தாங்கல மச்சான்."

"வண்டிக்குத் தாங்கலையா, ஓட்டுறவனுக்குத் தாங்கலையா? ஜீப்பு ஓட்டுன கை, தாடையத்தான் ஒடைக்கும் போல." பிறகு தங்கச்சி பக்கம் திரும்பினான். "இந்தா, அய்யம்மா. நல்லாக் கேட்டுக்க. ஒரு சட்டி கழண்டுச்சுன்னா ஒறவு கழண்டுச்சு. அதுக்கப்புறம் நீ பெறந்த வீட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது. நான் செத்தாலும் வரக் கூடாது."

அய்யம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அப்பன் ஆத்தாள் கிடையாது. பிறந்த வீடு என்று சொல்ல அந்த அண்ணன் ஒருவன்தான். மொக்கச்சாமி அவளைப் பார்த்தான். மாட்டுக் கொட்டத்தில் நின்ற வண்டியைப் பார்த்தான். சட்டியைக் கழற்றினால் இவள் போக்கிடம் போகும். கழற்றாவிட்டால் வண்டி போகும்.

"மூக்குத்தான தூக்குது?" பெரியகருப்பன் விடவில்லை. "ஆள ஏத்து. நானே மூக்குல உக்காருறேன். மேட்டுக்காட்டுக்கு விடு. தரையில எவனும் ஓட்டுவான். மேட்டுல ஓட்டிக் காட்டு."

மூக்கு தூக்கினால் மூக்கில் ஆளை ஏற்றுவது அங்கே வழக்கம்தான். அண்டைக் காடுகளில் ஏற்றித்தான் ஓட்டினார்கள். பெரியகருப்பனும் ரெண்டு நெல் மூட்டை எடை இருந்தான்.

மொக்கச்சாமி வண்டியில் ஏறினான்.

மேட்டுக்காடு மலையடிவாரத்தில் சரிந்து கிடக்கிற நாலு ஏக்கர். பெரியகருப்பன் வண்டியின் மூஞ்சியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, இரண்டு விளக்கையும் பிடித்துக்கொண்டான். முதல் சுற்று இறக்கத்தில். கலப்பை மண்ணுக்குள் இறங்கியது. பதினாலு சட்டியும் சுழன்று கட்டிகளைச் சீவித் தள்ளின. காடு அரிசி மாவாக விழுந்தது. "பாத்தியா மாப்ளே! வெட்டுதா, வெட்டலையா!" பெரியகருப்பன் ஒரு கையை எடுத்துத் துண்டைச் சுழற்றிக் கூவினான். மொக்கச்சாமிக்கே ஒரு நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்தது.

கடைசி வரப்பில் கலப்பையைத் தூக்கித் திருப்பினான். இப்போது ஏற்றம். கிளட்சை விட்டான்.

வண்டி பின்னங்காலில் எழுந்தது. மலையை நோக்கி இருந்த அதன் மூஞ்சி வானத்தைப் பார்த்தது. பெரியகருப்பன் ஒரு விளக்கைக் கட்டிப் பிடித்தான். விளக்கு வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. விளக்கும் கையுமாக அவன் பறந்து போய் வரப்புக் கல்லில் முகத்தைக் கொடுத்து விழுந்தான். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தும் பிரயோசனம் இல்லை. முன்சக்கரம் காற்றில் நின்றது. கலப்பையின் ஒரு முனை மண்ணில் குத்த, வண்டி அதையே சுற்றித் திரும்பிப் பக்கவாட்டில் சாய்ந்தது. மொக்கச்சாமி குதித்தான். குதித்த இடத்தில் இடது கால் ஒரு சட்டியின் விளிம்பில் உரசிக்கொண்டு இறங்கியது. கெண்டைச் சதை வாழைப்பூ மடல் போலத் திறந்துகொண்டது. வண்டி கவிழ்ந்து, மேலே இருந்த பின்சக்கரம் வானத்தில் சுழன்றது. பிறகு எஞ்சின் இருமி நின்றது. டீசல் வாய்க்காலாக ஓடியது.

பெரியகருப்பன் எழுந்தான். ஒரு தோள் இறங்கித் தொங்கியது. முன்பல் இரண்டு மண்ணில் கிடந்தன. ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னான்: "சீரக் கவுத்திட்டியேடா!"

"எவ் வண்டியக் கொன்னுட்டியேடா!" என்றான் மொக்கச்சாமி.

அவ்வளவுதான் பேச்சு. ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே போய் அந்தப் பிடுங்கின விளக்கை எடுத்து மச்சானின் மண்டையில் அடித்தான். கண்ணாடி நொறுங்கி நெற்றியில் ஏறியது. பெரியகருப்பன் நல்ல கையால் ஒரு கல்லைத் தூக்கி இவன் காதோடு போட்டான். இருவரும் கட்டிப் புரண்டு இறக்கத்தில் உருண்டார்கள். கடித்தார்கள். பெரியகருப்பன் கட்டைவிரலை இவன் கால் வெட்டுக்குள் விட்டுத் திருகினான். மொக்கச்சாமி போட்ட சத்தத்தில் பக்கத்துக் காட்டு ஆட்கள் ஓடி வந்தார்கள். ஆனால் பக்கத்தில் வர ஒருத்தனுக்கும் துணிச்சல் இல்லை.

கஞ்சிக் கலயத்தோடு வந்துகொண்டிருந்த அய்யம்மாள் கலயத்தை வரப்பில் வைத்தாள். கவிழ்ந்த வண்டியிலிருந்து சாமான்கள் சிதறிக் கிடந்தன. அதில் முழங்கை நீள ஸ்பானர் ஒன்றை எடுத்தாள். புருஷன் முதுகில் ஒன்று, அண்ணன் முதுகில் ஒன்று. இரண்டும் பிரிந்து விழுந்தன.

அவள் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே கலப்பையிடம் போனாள். அது வரிசை மேலே தெரிய மல்லாந்து கிடந்தது. சட்டிகளைக் கோத்த தண்டின் ஓரத்து நட்டில் ஸ்பானரை மாட்டி, அதன் மேல் காலை வைத்து, உடம்பு எடை முழுக்க ஏறி நின்றாள். நட்டு கிறீச்சிட்டது.

பெரியகருப்பன் தட்டுத்தடுமாறி எழுந்தான். "ஏய்! தொட்டா ஒறவு—"

"யாரு சீருண்ணே இது?" அய்யம்மாள் மிதிப்பதை நிறுத்தவில்லை. "ஒனக்கா வந்துச்சு? இல்ல, இந்தாளுக்கா? எம் மகளுக்கு எம் பெறந்த வீட்டுல இருந்து வந்தது. எனக்கு வந்த சேலைய நான் பாவாடையாத் தச்சா நீ வந்து கேப்பியா? இதுல கை வைக்க ஒங்க ரெண்டு பேருக்கும் பாத்தியத கெடையாது. கழட்டுனா நான் கழட்டுவேன்."

அவன் ஒற்றைக் கையோடு அவள் மேல் பாய வந்தான். அவள் ஸ்பானரை ஓங்கினாள்.

"வா. ரெண்டு பல்லு போச்சு, மிச்சம் இருக்கிறதையும் பொறுக்கிக் குடுத்து அனுப்புறேன், மதினிகிட்ட."

கூட்டத்தில் யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். பெரியகருப்பன் நின்ற இடத்திலேயே நின்றான். அப்புறம் தொங்குகிற கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு கீழே இறங்கிப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. அவன் தலை மறையும் வரை அய்யம்மாள் மிதிக்கவில்லை. பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினாள்.

"ஏய்யா, வாயப் பாத்துக்கிட்டு கெடக்காத. துண்ட எடுத்துக் கால இறுக்கிக் கட்டிக்கிட்டு வந்து இந்தத் தண்டப் பிடி. வெரசா."

நாலு சட்டி கழன்றது. அவற்றைத் தலைச்சுமையாக வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவி, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, வாசலுக்கு நேரே தெரிகிற சுவரில் ஆணியடித்து வரிசையாக மாட்டினாள். சீரை அறுத்துவிட்டாள் என்று எவளாவது வாயெடுத்தால், "வீட்டுல நாலு, காட்டுல பத்து. எண்ணிக்க ஆத்தா. ஒண்ணு கொறஞ்சா வந்து கேளு" என்பாள்.

மொக்கச்சாமியின் காலில் இருபத்தோரு தையல்; நொண்டல் பிறகும் போகவில்லை. நாலு சோடி மாடு கட்டி இழுத்து வண்டியை நிமிர்த்தினார்கள். ராஜாராம் காதில் தழும்போடு சிலமலைக்கே வந்து, குழாய்த் துண்டு செருகி, வரிசையின் சாய்வைக் குறைத்து, வண்டி மூக்கில் இரும்புக் கட்டி கட்டிக் கொடுத்தான். "இப்ப என்னைய அடிக்க மாட்டியேண்ணே?" என்று முதலிலேயே கேட்டுக்கொண்டுதான் ஸ்பானரைக் கையில் எடுத்தான். பத்துச் சட்டியோடு கன்னுக்குட்டி தலையை ஆட்டாமல் போனது. மேட்டுக்காட்டில் ஏற்றத்தில் மட்டும் மொக்கச்சாமி கலப்பையைத் தூக்க மாட்டான். சுற்றிக்கொண்டு போய் இறக்கத்திலேயே ஓட்டுவான். ஒற்றை விளக்கோடுதான் கடைசி வரை ஓட்டினான். இன்னொன்றை மாட்டவே இல்லை.

நாலு வருஷம் அய்யம்மாள் குரங்கணிப் பக்கம் போகவில்லை. பேச்சி கோயில் பொங்கலுக்கு அந்த ஊர்க் கூட்டம் சிலமலை வழியாகப் போகும்போது கதவைச் சாத்திக்கொள்வாள். மொக்கச்சாமி அதைப் பார்த்துக்கொண்டு திண்டாடுவான். அடித்துச் சரிக்கட்ட முடியாத வேதனை அவனுக்குப் புதுசு.

எண்பத்து மூன்று மாசியில் ஒரு நாள் போடியிலிருந்து ஆள் வந்தது. ஏலக்காய் விற்க வந்த பெரியகருப்பன் டீக்கடையில் ஒருவனை அடித்துவிட்டான். அவன் ஸ்டேசனில் இருக்கிறான். அடி வாங்கினவன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.

"எதுக்கு அடிச்சாரு?" என்றான் மொக்கச்சாமி.

"ஒன்னையத்தாண்ணே பேசுனான். 'ஒங்க மாப்ள சீர அறுத்துத் தின்னவன், பத்துச் சட்டிக்கே அவன் வண்டி மூச்சு வாங்குது'ன்னான். ஒம் மச்சான் டீ கிளாச மூஞ்சியிலயே ஒடைச்சிட்டாரு. 'வீட்டுல நாலு, காட்டுல பத்து. எந் தங்கச்சி வீட்டுச் சீர எண்ணிப் பாத்தியாடா நீ'ன்னு ஒரே சத்தம். மூணு பேரு பிடிச்சும் நிக்கல."

மொக்கச்சாமி கலப்பையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் வண்டியை எடுத்துக்கொண்டு போடிக்கு ஓட்டினான். ஸ்டேசனில் கையெழுத்துப் போட்டு மச்சானை வெளியே கொண்டுவந்தான். உள்ளங்கால் வீங்கி, நடக்க முடியாமல் வந்தான் பெரியகருப்பன். அந்த வலி மொக்கச்சாமிக்குத் தெரியும். கையைக் கொடுத்து மட்கார்டில் ஏற்றினான்.

பாதி வழியில் பல் போன வாயால் பெரியகருப்பன் கேட்டான்: "என்ன மாப்ளே, மூக்குல உக்காரட்டுமா?"

"உக்காருங்க மச்சான். இன்னொரு வெளக்கு பாக்கி இருக்கு."

வாசலில் அய்யம்மாள் நின்றாள். அண்ணன் வீங்கின காலோடு படியில் ஏறி, சுவரில் இருந்த சட்டிகளைப் பார்த்தான். விரலை நீட்டி, வாய் முணுமுணுக்க, ஒன்று, இரண்டு என்று நாலையும் எண்ணினான்.

"மிச்சம் பத்து கொட்டத்துல கெடக்கு" என்றாள் அவள். "அதையும் எண்ணிட்டு வந்து உக்காரு. அப்பத்தான் சோறு."

பெரியகருப்பன் திரும்பினான். மொக்கச்சாமி தோள் கொடுத்தான். ஒருவன் வீங்கின காலோடும் மற்றவன் வெட்டுப்பட்ட காலோடும் நொண்டி நொண்டிக் கொட்டத்துப் பக்கம் எண்ணப் போனார்கள்.